எட்டுப் புத்தகங்களும் என் ஒரே பொய்யும்

என் அமெரிக்கத் தம்பிக்கு,

இல்லையடாப்பா, உன்னைத் தெய்வமாக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அது உன் மனைவியின் ஆசை. எங்கள் ஈழத்து ஆட்கள் செத்தவரைப் புகழ்ந்து முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கிற நினைவு மலர் உனக்கும் வேண்டுமாம். அதில் நான் எழுதவேண்டுமாம். அந்த மலர்களை வாசித்துக் காட்டச் சொல்லி நீ எப்படிச் சிரித்தாய்? "அண்ணை, உங்கட சனத்தில கெட்டவன் ஒருத்தனும் சாகிறேல்லையோ? எனக்கு மட்டும் புளுகிப்போடாதேங்கோ."

சரி, புளுகவில்லை. உன் நாவல் ஒன்றையும் நான் வாசித்ததில்லை.

ஜெர்மனியில், வுப்பர்டால் உணவகத்தில் நான் கோப்பை கழுவினேன். நீ மூலை மேசையில் குந்தியிருந்து உன் நாட்டை நக்கலடித்து எழுதினாய். தேர்தலில் குளிர்சாதனப் பெட்டி ஒன்று வென்ற கதை, சூப்பர் மார்க்கெட்டில் படையைத் தொலைத்த ஜெனரலின் கதை. எல்லாம் நம் இருவரின் ஓட்டை ஜெர்மனில் நீ சொல்லித்தான் தெரியும். அங்கே உனக்கு ஏச்சு. இங்கே உன் நூலகக் கூட்டத்துக்கு ஏழு பேர். அதில் ஆறு பேரை தின்ன ரோல்ஸ் தருவேன் என்று நான்தான் கூட்டிவந்தேன்.

கையெழுத்துப் போட்டு எட்டுப் புத்தகம் தந்தாய். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு இங்கிலீஷ் எங்கே? "சிரிச்சு வயிறு நோகுது தம்பி" என்பேன். நீ தலையாட்டி, குடிக்க ஒரு கோப்பி வாங்கித் தருவாய்.

நீ கண்மூடின பிறகு வந்த ஒன்பதாவது புத்தகத்தை இன்று மகள் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தாள். அதில் ஒரு கோப்பை கழுவுகிற கிழவன், வாசிக்காமலே புகழ்கிறவன். எழுத்தாளன் தான் கொடுக்கிற புத்தகத்துக்குள் எல்லாம் ஒரு கடதாசித் துண்டு எழுதி வைக்கிறான்.

அலுமாரியைத் திறந்து எட்டையும் உதறினேன். எட்டுத் துண்டு விழுந்தது.

மகள் முதலாவதைத் தமிழில் சொன்னாள். "அண்ணை, இதைக் கண்டால் எனக்கு நீங்கள் கோப்பி வாங்கித் தரவேணும். காணாட்டில் நான் வாங்கித் தாறன்." அடுத்த ஆறும் அதேதான். அப்போ நான் குடித்ததெல்லாம் அந்தக் கோப்பியா?

எட்டாவது நீளம். எழுத்து நடுங்கியிருக்கிறது. அதை அவள் மனதுக்குள் வாசித்தாள். சிரிக்கவில்லை.

"என்ன பிள்ளை, கோவமாய் எழுதியிருக்கிறானோ? இல்லாட்டி..."

"இது நீங்களே வாசிக்கவேண்டியது அப்பா." சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

தம்பி, முப்பத்தோராம் நாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அகராதியை வைத்து, உன் இங்கிலீஷை எழுத்து எழுத்தாகக் கூட்டியாவது இதை வாசிப்பேன். மலரில் என் பக்கம் அதற்குப் பிறகுதான்.

கோப்பி கடன்பட்ட,
உன் அண்ணை