பிறவுணியின் இடுப்பும் என் பொய்யும்

பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய என் அண்ணைக்கு,

நீங்கள் கண்மூடி இரண்டு வருடமாகிறது. இவ்வளவு நாளும் எழுதாததற்கு வெட்கம்தான் காரணம், வேறொன்றுமில்லை.

கண்ணிவெடி தேடும் நாய்களோடு வேலை செய்த காலத்திலிருந்தே உங்களுக்கு ஒன்றில் பிடிவாதம். தாய் நாய்க்கும் தகப்பன் நாய்க்கும் இடுப்பை எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்க்காமல் இணை சேர்க்கக் கூடாது, மூட்டு சரியாகப் பொருந்தாத குறை குட்டிகளுக்கும் இறங்கும் என்பீர்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் என் நாய் சீசரைப் பற்றி அதைத்தானே கேட்டீர்கள்?

"சீசருக்குப் படம் எடுத்தனியோடா?"

"ஓம் அண்ணை. எல்லாம் சரியாம்."

"அப்ப சேர்த்துவிடு" என்று சிரித்தீர்கள்.

நான் எடுக்கவேயில்லை, அண்ணை. கோப்பாய் ஊர் முழுக்க மெச்சுகிற நாய், நிமிர்ந்து நடக்கிறவன், இவனுக்கு என்ன படம் என்று நினைத்துவிட்டேன். விசரன் நான்.

சீசருக்கு ஆறு குட்டிகள் பிறந்தன. அதில் கொழுத்தவனை, சண்டிலிப்பாயில் தனியே இருக்கிற அண்ணிக்கு ஆட்டுக்காவலுக்கென்று கொடுத்தேன். மண்ணிறத்தைப் பார்த்து அண்ணி பிறவுணி என்று பெயர் வைத்தா. ஒரு வயதில் பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் மாதிரி ஓடினான். "பாயிற வடிவைப் பாருங்கோ அண்ணி" என்று கைதட்டியதும் நான்தான். அந்தப் பாய்ச்சலே இடுப்புக் குறையின் அடையாளம் என்று பிறகுதான் தெரிந்தது.

இப்போது ஆடுகள் வெளிக்கிட்டால் அவனால் எழும்ப முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் மிருக வைத்தியர் படம் எடுத்தார். இடுப்பு இரண்டு பக்கமும் பழுது. பிறகு அண்ணிக்குச் சொல்லாமல் சீசருக்கும் எடுத்தேன். அதே குறை.

எது என்னைக் கொல்லுது தெரியுமோ? அண்ணி தன்னையே குற்றம் சொன்னா. "நான் வடிவாச் சாப்பாடு போடேல்லையோ, தம்பி?" என்று கேட்டுக் கேட்டு இன்னும் சோறு போட்டா. பாரம் கூடினால் அந்த மூட்டுக்குக் கூடாது. அது தெரிந்தும் இரண்டு கிழமை வாய் திறக்காமல் இருந்தேன். சீ, என்ன மனுசன் நான்!

போன வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்தா.

"அவர் உம்மட்டைக் கேட்டவரோ?"

"கேட்டவர், அண்ணி."

"அந்த நிலைமையிலை கிடந்த மனுசனுக்கோ பொய் சொன்னனீர்?"

அண்ணி எழும்பி வாசல் படலையைத் திறந்துவிட்டா. பிறகு சொன்னா: "மற்ற அஞ்சு வீட்டுக்கும் போய், இதே மாதிரி உம்மடை வாயாலை சொல்லும். குட்டியளைச் சேர்க்க முதல் சொல்லும். அதுக்குப் பிறகு இந்தப் படலையைத் திறவும்."

மூன்று வீட்டுக்குப் போய்விட்டேன், அண்ணை. ஒரு வீட்டில் திண்ணையில் இருக்கவும் சொல்லவில்லை. மிச்சம் இரண்டுக்கும் நாளைக்குப் போவேன். படம் பார்க்காமல் இனி என் கையால் ஒரு குட்டியும் பிறக்காது. இதை மட்டும் நம்புங்கோ.

உங்களுக்குப் பொய் சொன்ன,
உங்கள் தம்பி குகன்