அணைக்க மறந்த மைக்

ஔந்த், புனே
28-9-2003

தேஜுவின் அப்பாவுக்கு ஆனந்தவல்லி வணக்கத்துடன் எழுதுவது. நீங்கள் அங்கே சுகமாக இருக்க வேண்டும். இங்கே சுகம் என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை.

ஈமெயில் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்பீர்கள். ஈமெயிலை ஆபீஸில் நாலு வேலைக்கு நடுவே பார்த்துவிட்டு ஒரே வரியில் பதில் போடுவீர்கள். போன் என்றால் "சரி, பார்க்கலாம்" என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்தில்தான் நான் பேசுவதை நீங்கள் நடுவில் வெட்ட முடியாது.

மழை விட்டுவிட்டது. கணபதி ஊர்வலத்தில் தெருவே அதிர்ந்தது. தேஜு காது மிஷினைக் கழற்றி வைத்துவிட்டு நிம்மதியாகக் கணக்குப் போட்டாள். கொலு மூன்று படிதான் வைத்திருக்கிறேன். யாரையும் கூப்பிடவில்லை. போன வருஷம் வந்து சுண்டல் சாப்பிட்டு, வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு, "உங்கள் பெண் ரொம்ப சமர்த்து" என்று சொல்லிவிட்டுப் போனாரே சயின்ஸ் டீச்சர் ஜோஷி, அவரைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

போன லீவுக்கு வந்தபோது நீங்கள் கொண்டுவந்தீர்களே, டீச்சர் கழுத்தில் மாட்டும் மைக்கும், தேஜுவின் காது மிஷினோடு சேரும் சின்னப் பெட்டியும். வகுப்பில் எத்தனை இரைச்சல் இருந்தாலும் டீச்சர் குரல் நேராக அவள் காதுக்குள் வரும் என்றீர்கள். வந்தது. தன் பெயரில் இருக்கும் 'ஸ்' என்ற சத்தத்தையே அவள் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டாள். அன்றைக்குப் பூராவும் "தேஜஸ்வினி, தேஜஸ்வினி" என்று சொல்லிக்கொண்டே வீட்டைச் சுற்றி வந்தாள். நீங்கள்கூட அழுதீர்கள்.

போன திங்கட்கிழமை ஜோஷி டீச்சர் பாடம் முடிந்ததும் மைக்கை அணைக்காமல் அப்படியே பக்கத்து ஸ்டாஃப் ரூமுக்குப் போய்விட்டார். தேஜு வகுப்பில் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அங்கே இங்கிலீஷில் பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது. இதைக் கழுத்தில் கட்டிக்கொண்டு நின்றால் மணி கட்டிய மாடு மாதிரி இருக்கிறது என்றாராம். அவளுக்கு எங்கே புரிகிறது, சும்மா தலையாட்டுகிறாள் என்றாராம். இவளைப் பத்தாவது பரீட்சைக்கு அனுப்பினால் பள்ளியின் நூறு சதவீத ரிசல்ட் போய்விடும், ஒன்பதாவதில் பெயிலாக்கினால் பெற்றவர்களே டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று இன்னொரு டீச்சர் யோசனை சொன்னாராம். எல்லோரும் சிரித்தார்களாம். தேஜு வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை விடாமல் என்னிடம் ஒப்பித்தாள். அழவில்லை. ஒரு வார்த்தை விடாமல் கேட்கத்தானே அந்த மிஷினை வாங்கிக் கொடுத்தோம்?

மறுநாள் பிரின்சிபாலிடம் போனேன். மன்னிப்புக் கேட்பார்கள் என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். உங்கள் பெண் ஒட்டுக்கேட்டது பெரிய தப்பு, டீச்சர்களுக்கெல்லாம் பயமாகிவிட்டது என்றார். சுவருக்கும் காது உண்டு என்பார்கள். நம் பெண்ணுக்கு மட்டும் இருக்கக் கூடாதாம். இனி அந்த மைக் மிஷின் வகுப்புக்குள் வரக்கூடாது. தேஜு மன்னிப்புக் கடிதம் எழுதித் தர வேண்டும். இரண்டுக்கும் சம்மதமில்லை என்றால் தீபாவளி லீவுக்கு முன்னால் டி.சி. வாங்கிக்கொள்ள வேண்டும். இவ்வளவையும் டீ கொடுத்து, சிரித்த முகத்தோடு சொன்னார்.

தேஜுவைக் கேட்டேன். கடிதம் எழுத மாட்டாளாம். அந்தப் பள்ளியிலேயே, அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து பத்தாவது எழுதுவாளாம். உங்கள் பிடிவாதம்தான்.

வியாழக்கிழமை காலை போனில் இதையெல்லாம் சொன்னேன். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா? "அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஸ்பெஷல் ஸ்கூல்லயே சேர்த்துடு, எல்லாருக்கும் நிம்மதி." காது கேளாதவர்கள் படிக்கும் அந்த ஸ்பெஷல் ஸ்கூல் மட்டம் என்று நான் சொல்லவில்லை. அவளாக விரும்பிப் போனால் நானே கொண்டுபோய் விடுவேன். ஆனால் சிரித்தவர்களுக்கு நியாயமும் கேட்டவளுக்கு டி.சி.யும் என்றால் எனக்கு ஆறவில்லை.

அவளுக்கு மூன்று வயதில் பேச்சுப் பயிற்சி டாக்டர், காது கேளாத குழந்தையிடம் ஒரே பாஷைதான் பேச வேண்டும் என்றார். பள்ளிக்கூடத்து பாஷை என்று ஆங்கிலத்தை எடுத்துக்கொண்டோம். அன்றிலிருந்து அவளுக்கு ஆங்கிலம், நமக்குத் தமிழ் என்று ஆகிவிட்டது. அவள் எதிரிலேயே அவளைப் பற்றி எத்தனையோ பேசியிருக்கிறோம், புரியாது என்ற தைரியத்தில். வியாழக்கிழமையும் அவள் எதிரில் உட்கார்ந்துதான் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

நான் போனை வைத்ததும் தட்டை நகர்த்திவிட்டுக் கேட்டாள். நீயும் அப்பாவும் தமிழில் என்னைப் பற்றிப் பேசுவது, அந்த ஸ்டாஃப் ரூமில் பேசியது மாதிரிதானா என்று. இல்லை என்றேன். உதடு பார்த்துப் படிப்பவளிடம் பொய் சொல்வது லேசில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவள், தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தாள்.

ஆகையால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வியாழக்கிழமை என்னிடம் சொன்னதை ஆங்கிலத்தில், உங்கள் கையாலேயே, தேஜஸ்வினி என்று அவள் பெயர் போட்டு எழுதி அனுப்புங்கள். அதை நீங்கள் எழுதி முடித்துத் தபாலில் போட முடிந்தால், அவளும் அதைப் படித்துச் சரி என்றால், நானே போய் டி.சி. வாங்கிவிடுகிறேன். எழுத முடியவில்லை என்றால், இனி அதைத் தமிழில் என்னிடமும் சொல்லாதீர்கள்.

நாளைக் காலை அவளை மிஷினோடுதான் கூட்டிப் போகிறேன். கேட்டில் நிறுத்தினால் இரண்டு பேரும் கேட்டிலேயே நிற்போம். வேளைக்குச் சாப்பிடுங்கள். பகவான் உங்களுக்கு நல்ல மனசைக் கொடுக்கட்டும். தீபாவளிக்கு வர முடிந்தால் வாருங்கள். வந்தால் வீட்டில் அவளுக்குப் புரிகிற பாஷையில் மட்டும் பேசுங்கள்.

இப்படிக்கு,
தேஜஸ்வினியின் அம்மா
ஆனந்தவல்லி