கதவுக்கு வெளியே பெஞ்சில் இருந்த மைனிக்கு

மைனி,

இன்று பனச்சமூட்டில் பஸ் ஏறியபோது பக்கத்தில் இருந்த பெண் ஒரு எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறிக் கீறி முகர்ந்துகொண்டிருந்தாள். வாந்தி வராமலிருக்கத்தான், பஸ்ஸில் நீங்கள் செய்வதுபோல. அந்த மணம் வந்ததும் நான் ஜன்னலோரம் ஒதுங்கி உங்களுக்கு இடம் விட்டேன். விட்ட பிறகுதான் நீங்கள் இல்லை என்பது உறைத்தது. அந்தப் பெண் தனக்காக நகர்ந்தேன் என்று நினைத்து, "தேங்க்ஸ் அம்மச்சி" என்றாள். ஆமாம் என்பதுபோல் நானும் தலையாட்டி வைத்தேன்.

உங்களை அடக்கம் செய்த பிறகு நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்கு நான் போனது இன்றுதான். துணைக்கு யாரும் இல்லை. அந்தக் கவுன்சிலிங் பெண்ணிடம் ஒரு காரியம் கேட்கப் போனேன். நியாயமாக அதை உங்களிடம்தான் கேட்டிருக்க வேண்டும். அன்றைக்கு நான் உள்ளே அழுதுகொண்டு சொன்னதெல்லாம் வெளியே பெஞ்சில் இருந்த உங்கள் காதில் விழுந்ததா, இல்லையா? இதுதான் கேள்வி. நீங்கள் இருந்த காலமெல்லாம் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போனது.

உங்கள் தம்பி, என் வீட்டுக்காரர், பனச்சமூடு முக்கில் எனக்கு முன்னே ரோடு கடக்கும்போது பைக் மோதி இறந்த பிறகு எனக்கு என்ன வந்தது என்று எனக்கே விளங்கவில்லை. ஹார்ன் சத்தம் கேட்டால் நெஞ்சை யாரோ பிடித்துப் பிசைவதுபோல் இருக்கும். கை விறைத்துப்போகும். வாயு என்று சொல்லி இஞ்சிச்சாறும் பெருங்காயமும் குடித்தேன். டாக்டர் நெஞ்சுக்கு வயர் ஒட்டிப் பார்த்துவிட்டு, நெஞ்சில் குற்றமில்லை என்றார். நர்சிங் படிக்கிற என் பேத்திதான், "அம்மச்சி, இது வாயு இல்ல, பேடியாக்கும்" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. நான் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் வேதாகமத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசித்து முடித்தவள். சபையில் எழுந்து நின்று பேசுகிறவள். எனக்கா பயம்?

நீங்கள் ஒரு வைத்தியம் செய்தீர்கள். பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் எழுந்து என் பெயரைச் சொல்லி ஜெப விண்ணப்பம் கொடுத்தீர்கள். 'ரோடு கடக்கப் பயப்படுகிற நம் சகோதரிக்காக' என்று எல்லோரும் சத்தம்போட்டு ஜெபித்தார்கள். நம் ஆட்களுக்கு அன்பு வந்தால் அப்படித்தான், ஒருத்தியின் வயிற்றுவலியை ஊரே சேர்ந்து கர்த்தரிடம் சொல்லும். மறுநாள் முக்கில் நின்ற என்னை மீன்காரி கண்டாள். தலையிலிருந்த மீன் சருவத்தை இறக்கி வைத்துவிட்டு, கையைக் காட்டி லாரியை நிறுத்தி, "வாருங்கோ அம்மச்சி, நான் கொண்டு விடுதேன்" என்று என் கையைப் பிடித்தாள். டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். அதிலிருந்து நான் வீட்டை விட்டு இறங்கவில்லை.

"எனக்கு வேற வழி தெரியல்ல மக்கா" என்று நீங்கள் வந்து நின்றீர்கள். அந்த முகத்தைப் பார்த்துத்தான் கவுன்சிலிங்குக்குச் சம்மதித்தேன்.

முதல்நாள் கேள்வி கேட்டது அந்தப் பெண்ணா, நீங்களா என்று இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

"மோளே, இவ சொல்லுத காரியத்த நீ ஆருகிட்டயெல்லாம் சொல்லுவ?"

"ஆருகிட்டயும் சொல்ல மாட்டேன், அம்மச்சி."

"இவளுக்க மவன் வந்து கேட்டா?"

"சொல்ல மாட்டேன்."

"சபையில போதகர் கேட்டா?"

"அவருகிட்டயும் இல்ல."

"கர்த்தர்ட்ட?"

அவள் சிரித்துவிட்டாள். "அத இவங்களே சொல்லட்டும் அம்மச்சி. இப்ப நீங்க கொஞ்சம் வெளிய இருக்கணும்."

"நான் எதுக்கு வெளிய போணும்? நான் இவளுக்க மைனியாக்கும்."

"மைனியும் வெளியத்தான்."

முனகிக்கொண்டே போய் பெஞ்சில் இருந்தீர்கள். வாரம் ஒருமுறை அதுதான் உங்கள் இடம் ஆனது.

உள்ளே நடந்தது என்ன வைத்தியம் என்று எனக்கு இப்போதும் பிடிபடவில்லை. மருந்து இல்லை. புத்திமதி இல்லை. என் பேத்தி வயதுப் பெண் எதிரே இருந்துகொண்டு, "பிறகு?" என்கிறாள். நான் எதையாவது சொன்னால், "அப்ப உங்களுக்கு எப்பிடி இருந்துது?" என்கிறாள். எப்படி இருந்தது என்று அதுவரை என்னிடம் ஒருத்தரும் கேட்டதில்லை. நெஞ்சு பிசைகிறபோது காலைத் தரையில் அழுத்தி ஊன்றச் சொன்னாள், மூச்சை மெல்ல விடச் சொன்னாள். "பேடி வந்தா வரட்டும். நீங்க ஓடாண்டாம். கொஞ்சம் நிண்ணுட்டு அது தானே போவும்" என்றாள். முதலில் முக்கில் வெறுமனே நின்று வரச் சொன்னாள். பிறகு உங்கள் கையைப் பிடித்துக் கடக்கச் சொன்னாள். அதற்கும் பிறகு நீங்கள் எதிர்ப்பக்கம் நிற்க, நான் மட்டும் கடக்க. இதையெல்லாம் சிறுபிள்ளை விளையாட்டு என்று நீங்களும் நானும் பஸ்ஸில் கேலி பேசினோம். ஆனாலும் ஒன்றையும் விடாமல் செய்தோம்.

அப்புறம் அந்த ஒருநாள். விபத்தைப் பற்றிக் கேட்டாள். பயத்தைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"அந்த மனுஷன் முன்ன போவாரு, நான் பின்ன ஓடணும். கெட்டிக் கூட்டிட்டு வந்த நாள்தொட்டு நான் அவருக்க முதுகத்தான் கண்டேன். நான் வாறேனா இல்லியான்னு ஒரு தடவ திரும்பிப் பாத்திருப்பாரா? அண்ணைக்கும் பாக்கல்ல. சாவும்போதும் எனக்கு முதுகத்தான் காட்டினாரு!"

அந்தச் சத்தம் என் சத்தம்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. கர்த்தருடைய சித்தம் என்று எல்லோரும் சொன்னபோது தலையைக் குனிந்து நின்றவள் நான். பயத்துக்குச் சிகிச்சைக்குப் போன இடத்தில் கோபம் எங்கிருந்து வந்தது? இறந்த மனிதர்மேல் கோபப்படலாமா? அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "வந்துட்டுதே அம்மச்சி. இருக்கட்டும்" என்றாள். அது ஒரு பதிலா, சொல்லுங்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தபோதுதான் எனக்குத் திக்கென்றது. பெஞ்சில் நீங்கள். தாய் செத்த பிறகு அந்தத் தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவர். அவர் பெயரை இன்னொருவர் கொஞ்சம் தாழ்த்திச் சொன்னால்கூடப் பொறுக்காதவர்.

நீங்கள் எழுந்தீர்கள். "பசிக்குது. வா மக்கா, தோசை தின்னுட்டுப் போவோம்" என்றீர்கள். கடையில் பாதித் தோசை தின்றதும், யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல், "அவனுக்குச் சின்னதிலயே பொறும கெடையாது" என்றீர்கள்.

"ஆரச் சொல்லுதிய மைனி?"

"ஆர? எனக்க தம்பியத்தான். சட்டினியில உப்பு உண்டா பாரு. எனக்கு நாக்கு செத்துப் போச்சு."

அவ்வளவுதான். நான் அந்த ஒரு வாக்கியத்தை எத்தனை விதமாகத் திருப்பிப் பார்த்திருப்பேன்! கேட்டுவிட்டுச் சொன்னீர்களா? சும்மா ஞாபகம் வந்து சொன்னீர்களா? கேட்டிருந்தால் உங்கள் மனம் எப்படி வெந்திருக்கும்? அதை வைத்துக்கொண்டேதான் கண்ணை மூடினீர்களா?

இன்று அந்தப் பெண்ணிடம் இதைத்தான் கேட்டேன். "எனக்கும் தெரியல்ல அம்மச்சி. நான் வெளிய இருந்ததே இல்ல. ஒண்ணு செய்யலாம், நீங்க பெஞ்சில போய் இருங்க. நான் கதவ அடச்சிட்டு உள்ள பேசுதேன்" என்றாள்.

போய் இருந்தேன். உங்கள் இடத்தில். உள்ளே அவள் குரல் எழுந்தது. நான் காதைக் கூர்மையாக்கிக்கொண்டிருக்கும்போது, அங்கே தரை துடைக்கிற அக்கா பக்கெட்டோடு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"கூட ஒரு அம்மச்சி வருவாங்களே, எங்க?"

"போய்ட்டாங்க."

"அய்யோ!" அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "நான் ஒருக்கா அவங்களப் பிடிச்சி ஏசினேன், கேட்டியளா. இங்கன இருந்துட்டு ஒரே பாட்டு. ஞானப்பாட்டு. அதும் தொண்ட கிழிய. ஆசுபத்திரியாக்கும், மிண்டாம இருங்கன்னு சொன்னேன். அதுக்கு அவங்க, 'உள்ள ஒருத்தி அழுதுட்டு சங்கடம் சொல்லுதா, வெளிய ஒருத்தருக்கும் கேக்கப்பிடாது. நீயும் கூடச் சேந்து பாடுட்டீ'ன்னு எங்கிட்டயே சொல்லுதாங்க!"

அவள் சிரித்தாள். நான் பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே அழுத அழுகையில் உங்கள் பாட்டு எனக்குக் கேட்கவே இல்லை, மைனி.

இப்போது குழப்பம் கூடித்தான் போயிருக்கிறது. முழுக்கக் கேட்டுவிட்டுப் பாடினீர்களா? முதல் வார்த்தை கேட்டதும் மற்றது உங்கள் காதிலேயே விழக்கூடாது என்று பாடினீர்களா? என்னை மூடினீர்களா, உங்கள் தம்பியை மூடினீர்களா? என் காரியத்தைச் சபை நடுவில் எழுந்து சொன்னவரும் நீங்கள்தான், தொண்டை கிழியப் பாடி மறைத்தவரும் நீங்கள்தான். இரண்டையும் ஒரே ஆள் எப்படிச் செய்ய முடியும்?

கதவு திறந்தது. "கேட்டுதா அம்மச்சி?" என்றாள் அந்தப் பெண்.

"தெரியல்ல மோளே" என்றேன். உண்மையும் அதுதான். அக்கா பேசத் தொடங்கிய பிறகு உள்ளே என்ன பேசினாள் என்று நான் கவனிக்கவே இல்லை.

உள்ளே போய் இருந்தேன். "இண்ணைக்கு என்ன பேசணும்?" என்று கேட்டாள். உங்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். கதவு சரியாக அடையவில்லை என்று அவள் எழுந்தாள். "இருக்கட்டும் மோளே, தெறந்து கெடக்கட்டும்" என்றேன்.