ஐம்பது மீட்டர், ஒரே மூச்சு

மார்ச் 3, செவ்வாய்

இன்று நுரையீரல் சோதனைக்கூடத்தில் சைக்கிளில் ஏற்றிச் சோதித்தது ஒன்பது பேரை. ஒரு பெரியவர், முகமூடியை மாட்டியதுமே மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டார். "இன்னும் மிதிக்கவே இல்லீங்களே" என்றேன். "என் உடம்புக்குத் தெரிஞ்சுபோச்சும்மா" என்றார். உண்மைதான். இரத்தத்தில் எதுவும் மாறுவதற்கு முன்பே மூளை நெஞ்சுக்கு ஆள் அனுப்பிவிடும். பத்து வருடமாகத் திரையில் இதைப் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

தம்பி போன் செய்தான். நீர் மீட்புப் படைத் தேர்வு இருபதாம் தேதியாம். மூன்றாவது முறை. வயது வரம்பு முடிகிறது, அதனால் இதுதான் கடைசி. தண்ணீருக்கு அடியில் ஐம்பது மீட்டர், ஒரே மூச்சில். இந்த மகாராஜா நாற்பதிலேயே தலையைத் தூக்கிவிடுகிறார்.

மார்ச் 7, சனி

மதிய இடைவேளையில் தம்பி வந்தான். சைக்கிளில் ஏற்றி மூச்சு வாங்க வைத்தேன். திரையில் கோடுகள் அவ்வளவு அழகு. இந்த நுரையீரலை வைத்துக்கொண்டு அழுகிறானே என்று திட்டினேன்.

"அப்புறம் ஏன்க்கா நாப்பதுல மூச்சு முட்டுது?"

ஆக்சிஜன் குறைவதால் அல்ல, கரியமிலவாயு சேர்வதால்தான் முட்டுகிறது என்றேன். மூளை எண்ணிக்கொண்டிருப்பது அதைத்தான்.

"அப்போ குதிக்கிறதுக்கு முன்னாடியே வேகவேகமா மூச்சு விட்டு அதை ஊதித் தள்ளிட்டா?"

"முட்டுறது தள்ளிப்போகும். ஆனா—"

இரண்டு மணி நோயாளி கதவைத் தட்டினார். மீதியை அப்புறம் சொல்கிறேன், கிளம்பு என்று விரட்டிவிட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

அம்மா வீட்டில் எல்லோரும். தம்பி மூன்று தட்டு சாப்பிட்டான். அவனிடம் ஏதோ சொல்ல வேண்டும் என்று இருந்தது. என்னவென்று ஞாபகம் வரவில்லை.

மார்ச் 11, புதன்

தம்பியிடமிருந்து செய்தி: "நாப்பத்தாறு! முட்டவே இல்லக்கா!!" இரண்டு நோயாளிகளுக்கு நடுவில் பார்த்தேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்று அனுப்பினேன்.

மார்ச் 12, வியாழன்

தம்பி. நீச்சல் குளத்தில். தூக்கிப்போட்டு நெஞ்சை அமுக்கியிருக்கிறார்கள். துடிப்பு வந்துவிட்டது என்கிறார்கள். வேறெதுவும் வரவில்லை.

மார்ச் 13, வெள்ளி

குளத்தின் பாதுகாவலர் ஆஸ்பத்திரிக்கே வந்து அம்மாவிடமும் என்னிடமும் அழுதார். "வேகவேகமா மூச்ச ஊதிட்டுக் குதிச்சாரு. நல்லாத்தாம்மா நீந்திட்டிருந்தாரு. சுவருக்குக் கிட்டப் போய் தண்ணிக்கடியிலயே அசையாம நின்னாரு. இன்னும் மூச்சடக்கிப் பழகுறாருன்னு நெனச்சிட்டேன்." எவ்வளவு நேரம்? அவருக்குத் தெரியவில்லை. ஐந்து நிமிடம் இருக்கலாம்.

சொல்லாமல் விட்ட மீதி இதுதான்: ஊதித் தள்ளினால் ஆக்சிஜன் ஒன்றும் கூடிவிடாது. கைகால்கள் அதைத் தின்றுகொண்டே இருக்கும், மூச்சு மட்டும் முட்டாது. முட்டுவதற்கு முன்பே நினைவு போய்விடும். இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அரை நிமிஷம்? அந்த ரெண்டு மணி ஆளை வெளிய உக்காரச் சொல்லியிருக்கக் கூடாதா நான்? புதன்கிழமை முட்டவே இல்லன்னு எழுதினானே, படிச்சேனே, பத்து வருஷம் இதே வேலைதானே பாக்குறேன் — கட்டைவிரல அனுப்பியிருக்கேன். சீ.

மார்ச் 14, சனி

"பாருடி, நெஞ்சு ஏறி எறங்குது. தூங்குற மாதிரியே இருக்கான்" என்கிறாள் அம்மா. நிமிடத்துக்குப் பதினான்கு. ஒன்று கூட முன்னே பின்னே இல்லை. எந்த மனிதனும் இப்படி ஒரே சீராக மூச்சு விடமாட்டான், இயந்திரம்தான் விடும்.

மார்ச் 15, ஞாயிறு

மருத்துவர் தனியாகக் கூப்பிட்டார். மூளை இறந்துவிட்டதா என்று பார்க்கும் மற்ற சோதனைகள் எதற்கும் அவனிடம் அசைவில்லை. நாளை மூச்சு இயந்திரத்தைக் கழற்றுவார்கள். குழாய் வழியே ஆக்சிஜன் மட்டும் போகும். கரியமிலவாயு ஏறட்டும் என்று காத்திருப்பார்கள். மூளைத்தண்டில் கொஞ்சம் உயிர் இருந்தாலும் நெஞ்சு அசைந்தே ஆக வேண்டும்.

"உங்களுக்குத் தெரியாததில்ல. நீங்க வெளிய இருந்துக்கலாம்" என்றார்.

இருக்கிறேன் என்றேன்.

மார்ச் 16, திங்கள்

பத்து நிமிடம். சட்டையில்லாத அவன் நெஞ்சைத் தவிர எதையும் பார்க்கவில்லை. முட்டட்டும்டா. ஒரே ஒரு தடவை முட்டட்டும். மனசுக்குள் கத்திக்கொண்டே இருந்தேன். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நாற்பதில் தொடங்கிய கரியமிலவாயு எழுபத்தொன்றில் நின்றது. நெஞ்சு அசையவில்லை. மருத்துவர் நேரத்தைச் சொன்னார், நர்ஸ் எழுதிக்கொண்டார்.

வெளியே அம்மா எழுந்து நின்றாள். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

"சின்ன வயசுலேர்ந்து நீந்துறான், ஒண்ணும் ஆகலையே. மூச்ச ஊதிட்டுக் குதிக்கணும்னு அவனுக்கு யாருடி சொல்லிக் குடுத்தது?"

"நான்தாம்மா."

அம்மா கையை விடவில்லை. விட்டிருந்தால் தேவலாம் போலிருந்தது.