ஆம்பிளிஃபயரை ஏன் பிடுங்கச் சொன்னேன்

என் குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி வாலுக்குட்டியும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம், சௌக்கியம் என்று எழுதத்தான் கை வரவில்லை. நேற்றுக் காலையில் போன் செய்து, உன் வீட்டு ஹாலில் இருக்கும் ஆம்பிளிஃபயரின் பிளக்கை உடனே பிடுங்கு, ஏன் எதற்கு என்று கேட்காதே என்று கத்தினேன் அல்லவா. நீ பிடுங்கிவிட்டு வந்து என்னப்பா ஆச்சு என்று கேட்டாய், நான் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நீ நான்கு தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. கோபம் இல்லையம்மா, வாயால் சொல்லத் தைரியம் இல்லை, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். இதைப் படித்து முடிக்கும்வரை அந்தப் பெட்டியின் பக்கம் யாரும் போக வேண்டாம். அம்மாவுக்கு வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டிருக்கிறது. எலும்பில் கீறல்தான், மூன்று நான்கு வாரத்தில் கூடிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், பயப்படாதே. எப்படி நடந்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் நச்சரித்து நச்சரித்து உன்னிடம் கேட்டு வாங்கினேனே அந்தப் பவர் கண்டிஷனர், கரண்ட்டை வடிகட்டும் பெட்டி, அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். உன்மேல் ஒரு தப்பும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த ஆசையைக் கிளப்பிவிட்டவர் எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர், எந்தப் பாட்டைப் போட்டாலும் ட்ரெபிள் கம்மி என்று குறை சொல்வதால் நம் வீட்டில் ட்ரெபிள் என்றே பெயர் வாங்கியவர், உனக்குத் தெரியும். நம் தெருவில் ஒரு வெல்டிங் பட்டறை, இரண்டு லிஃப்ட், எல்லார் வீட்டிலும் மோட்டார், அத்தனை அழுக்கும் கரண்ட்டில் கலந்து ஸ்பீக்கர் வரைக்கும் வருகிறது, வடிகட்டாமல் பாட்டுக் கேட்பது பாவம் என்று வாரா வாரம் ஓதினார். பெட்டி வந்து மாட்டிய அன்று நாங்கள் இரண்டு பேரும் அடித்த கூத்தைக் கேட்டால் சிரிப்பாய். வயலின் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டது என்றேன் நான், பாடகி மூச்சு விடுவது கேட்கிறது என்றார் அவர். அம்மா காதில் போட்டுக்கொண்டே கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், அப்படியானால் இரண்டு பேரும் சுவரைப் பார்த்து உட்காருங்கள், நான் ஒரு தடவை பெட்டியிலும் ஒரு தடவை நேரே சுவரிலும் மாற்றி மாற்றிச் செருகுகிறேன், எது எது என்று சொல்லுங்கள் பார்ப்போம் என்றாள். ஐந்து தடவை போட்டாள். ஐந்து தடவையும் நாங்கள் அடித்துச் சொன்னோம், இது பெட்டி, இது சுவர், மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் என்று. கடைசியில் பார்த்தால் அவள் பிளக்கைத் தொடவே இல்லை, ஐந்து தடவையும் சுவரிலேதான் இருந்திருக்கிறது, சுவிட்சை மட்டும் அணைத்து அணைத்துப் போட்டிருக்கிறாள். ட்ரெபிள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவளுக்குக் காது பத்தாது என்று நான் திட்டினேன். திட்டிவிட்டு நானே போய்ப் பிளக்கைப் பெட்டியில் செருகினேன்.

அந்தப் பெட்டியின் முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு உண்டு. மாட்டிய நிமிஷத்திலிருந்து அது எரிந்துகொண்டே இருந்தது. கரண்ட் வருகிறது என்பதற்கு அடையாளம் போலிருக்கிறது என்று நினைத்தேன். பாட்டுக் கேட்கும்போது கண்ணை உறுத்துகிறதே என்று, நம் பைண்டிங் கடையிலிருந்து ஒரு துண்டுக் காலிகோத் துணியை வட்டமாக வெட்டி அதன்மேல் ஒட்டிவிட்டேன். பெட்டியோடு வந்த விளக்கப் புத்தகத்தை என்ன செய்தேன் தெரியுமா, பைண்ட் செய்தேன். முப்பத்தைந்து வருஷம் ஊரார் ஆராய்ச்சிக் கட்டுரைகளையும் ஆபீஸ் ரிஜிஸ்டர்களையும் பைண்ட் செய்தவன், மகள் அனுப்பிய பொருளின் புத்தகம் ஆயிற்றே என்று கெட்டி அட்டை போட்டு, ஓரம் சீவி, முதுகில் தங்க எழுத்து அச்சடித்து அலமாரியில் வைத்தேன். படிக்கவில்லை. இரண்டாம் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது, சிவப்பு விளக்கு எரிந்தால் உங்கள் இணைப்பில் எர்த் இல்லை என்று பொருள், உபயோகிக்க வேண்டாம் என்று. நேற்றுத்தான் படித்தேன்.

முந்தாநாள் காலையில் அம்மா ஹாலில் தூசி துடைத்துக்கொண்டிருந்தாள். குட்டை ஸ்டூலின்மேல் ஏறி நின்று, இடது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஈரத் துணியோடு வலது கையை ஆம்பிளிஃபயரின் மேல் வைத்திருக்கிறாள். நான் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஒரு சத்தம். ஓடி வந்து பார்த்தால் ஸ்டூல் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் கிடக்கிறாள், முகத்தில் இரத்தமே இல்லை, வாயைத் திறக்கிறாள் பேச்சு வரவில்லை. குட்டிம்மா, இந்த நாற்பது வருஷத்தில் அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. என் உயிர் என்னிடம் இல்லை. பிறகு மெல்ல, இழுத்துத் தள்ளிடுச்சுங்க என்றாள். அப்போதும் நான் என்ன சொன்னேன் என்று நினைக்கிறாய், தலை சுற்றியிருக்கும், காலையில் எதுவும் சாப்பிடவில்லை பார் என்றேன். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட டாக்டர்தான் விசாரித்துவிட்டு, இது மயக்கம் மாதிரித் தெரியவில்லை, கரண்ட் அடித்த மாதிரி இருக்கிறது, முதலில் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள் என்று முறைத்தபடி சொன்னார்.

நேற்றுக் காலை எலக்ட்ரீஷியன் வந்தார். பேச்சு குறைவு, கை சுத்தம். டெஸ்டரை எடுத்து ஆம்பிளிஃபயரின் தகரத்தில் வைத்தார், எரிந்தது. கண்டிஷனர் பெட்டியில் வைத்தார், எரிந்தது. நான் ஒட்டிய காலிகோ வட்டத்தை நகத்தால் பிய்த்துப் பார்த்தார், உள்ளே சிவப்பு. என்னை ஒரு தரம் பார்த்தார். மெயினை அணைத்துவிட்டுச் சுவர் சாக்கெட்டைக் கழற்றினார். இந்தப் பெட்டியெல்லாம் கரண்ட்டில் இருக்கிற அழுக்கை எர்த்துல கொண்டுபோய்க் கொட்டுற பெட்டி சார், கொட்ட வழி இல்லேன்னா அது பாடியிலேயேதான் நிக்கும் என்று சொல்லிக்கொண்டே உள்ளேயிருந்து ஒரு பச்சை ஒயரை இழுத்தார். நறுக்கென்று வெட்டி, மடக்கி, முனையில் துணி சுற்றி ஒட்டியிருந்தது. எந்தப் புண்ணியவான் வெட்டினது என்று கேட்டார். நான் வாய் கூசாமல் சொன்னேன், முன்னால் ஒருத்தர் வேலைக்கு வந்தார், அவர் செய்திருப்பார் என்று. அம்மா சோபாவில் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தத் துணியைப் பார்த்தாள். அரக்குச் சிவப்புக் காலிகோ, நம் கடையில் ரிஜிஸ்டருக்கு முதுகு போடுவது, பசை தடவி ஓரம் மடித்து ஒட்டியிருக்கிறது. எந்த எலக்ட்ரீஷியன் ஒயரைக் காலிகோ வைத்து பைண்ட் செய்வான்? அவள் ஒன்றும் கத்தவில்லை.

“ஸ்பீக்கர்ல ஊசி விழுந்தாக்கூட உங்களுக்குக் கேக்கும். ஆம்பிளிஃபயரைத் தொட்டா கை சுருக்குனு இருக்குன்னு நான் மூணு தடவை சொன்னேன். அது கேக்கல.”

அவ்வளவுதான் சொன்னாள். சொன்னது உண்மை. நரம்புத் தளர்ச்சி, சத்து மாத்திரை சாப்பிடு என்று நான்தான் ட்ரெபிள் கடையிலிருந்து மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். ஒயரை வெட்டியதும் நான்தான் குட்டிம்மா. ஸ்பீக்கரில் விடாமல் ஒரு ஹூம் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும், பாட்டு நிற்கிற இடத்திலெல்லாம் வண்டு மாதிரி ரீங்காரம். எர்த் ஒயரைக் கழற்றினால் போய்விடும் என்று யாரோ சொன்னார்கள், கழற்றினேன், போய்விட்டது, அப்படி ஒரு நிம்மதி. பெரிய விஞ்ஞானி மாதிரி மார்தட்டிக்கொண்டேன். நேற்று அவர் எர்த்தைத் திரும்ப இணைத்ததும் அதே ஹூம் மறுபடி வந்தது. அவர் பின்பக்கம் குனிந்து, டிவி கேபிளிலிருந்து ஆம்பிளிஃபயருக்குப் போகிற ஒயரைப் பிடுங்கினார். ஹூம் நின்றது. வீட்டுக்குள் எர்த் இரண்டு வழியாக வந்து சுற்றிக்கொண்டால் இப்படித்தான் இரையுமாம், அதற்கு ஒரு சின்னச் சாமான் போட்டால் டிவியையும் சேர்த்துக்கொள்ளலாமாம். இரண்டு நிமிஷ வேலை. அந்த இரண்டு நிமிஷ வேலைக்கு நான் ஆறு வருஷம் உன் அம்மாவின் உயிரை ஒயரில் தொங்கவிட்டிருக்கிறேன். கண்டிஷனர் பெட்டி தேவையா என்று அவரிடமே கேட்டேன். கரண்ட் ரொம்ப ஏறி இறங்குகிற இடமாக இருந்தால் சாமானைக் காப்பாற்றும், பாட்டை அது ஒன்றும் இனிப்பாக்காது, எதுவாக இருந்தாலும் எர்த்துக்கு அப்புறம்தான் என்றார். இப்போது நீ கேட்டாலும் சொல்கிறேன், அந்தப் பெட்டியால் எனக்கு எந்த வித்தியாசமும் கேட்கவில்லை, மாட்டிய அன்றைக்கும் கேட்கவில்லை.

இனிமேல்தான் நான் போனில் சொல்ல முடியாதது. சுவரில் நான் கைவைத்தது இந்தப் புது ஆம்பிளிஃபயர் வந்த பிறகு. இதன் பிளக் பிரிக்க முடியாத வார்ப்பு பிளக், அதனால் சுவரில் வெட்டினேன். அதற்கு முன்னால் பழைய ஆம்பிளிஃபயருக்குப் பிளக்கையே பிரித்து உள்ளே எர்த்தை வெட்டியிருந்தேன். அந்தப் பழையதைத்தான் நீ புது வீட்டுக்குப் போனபோது, என் மகள் வீட்டில் இரைச்சல் இருக்கக் கூடாது என்று துடைத்து, மூடிக் கட்டி, உன் கையில் கொடுத்தனுப்பினேன். எலக்ட்ரீஷியன் கைகழுவிக்கொண்டே சொன்னார், பாடியில லேசா கரண்ட் இருந்தா ஷாக் மாதிரியே தெரியாது சார், கூசுற மாதிரிதான் இருக்கும், உள்ளே ஒரு ஒயர் விட்டுப்போற அன்னிக்குத்தான் தெரியும், அன்னிக்குத் தெரிஞ்சு பிரயோஜனம் இல்ல என்று. கூசுகிற மாதிரி என்று அவர் சொன்னதும் நான் போனைத் தேடி ஓடினேன். போன மாதம் வாலுக்குட்டி உன் போனைப் பிடுங்கி என்னிடம் பேசினாளே, நீ அடுக்களையில் இருந்தாய், உனக்குத் தெரியாது. தாத்தா, நீ குடுத்த பெட்டி எனக்குக் கிச்சுக்கிச்சு மூட்டுது என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இன்னொரு தரம் தொட்டுப் பார்த்துட்டுச் சொல்லு என்றேன் குட்டிம்மா. நான்தான் சொன்னேன். அவள் ஓடிப் போய்த் தொட்டுவிட்டு வந்து, ஆமா தாத்தா என்றாள். அதைக் கடையிலும் சொல்லி, ட்ரெபிளிடமும் சொல்லி, அன்றைக்கு முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

நேற்றிலிருந்து அந்தக் குரல் காதை விட்டுப் போகவில்லை. உன்னிடம் போனில் கத்தியது அதனால்தான். அம்மாவுக்கும் இதை இன்னும் சொல்லவில்லை, முதலில் உனக்குத்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நீ என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன், மாப்பிள்ளையிடமும் நானே பேசுகிறேன். நல்ல எலக்ட்ரீஷியனாகப் பார்த்துப் பிளக்கையும் சுவரையும் இரண்டையும் காட்டு, எர்த் இருக்கிறது என்று அவர் மீட்டரை வைத்துக் காட்டும்வரை அந்தப் பெட்டி ஒரு மூலையில் கிடக்கட்டும். கிடந்தே போனாலும் சரி. உங்கள் மூன்று பேருக்கும் எங்கள் ஆசி எப்போதும் உண்டு, நீண்ட ஆயுசோடு இருங்கள். ஒன்றே ஒன்றை மறக்காதே, குழந்தை வந்து எது எப்படி இருக்கிறது என்று சொன்னாலும், சிரிப்பதற்கு முன்னால் எழுந்து போய்ப் பார்.

இப்படிக்கு,
உன்னை எழுந்து போய்ப் பார்க்கச் சொல்லாமல் குழந்தையையே தொட அனுப்பிய
உன் அப்பா