பாதி மாத்திரை

மார்த்தாண்டம்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் ஸ்டெனிக்கு அம்மா எழுதுவது.

கர்த்தருடைய கிருபையால் எல்லாரும் சுகம் என்றுதான் தொடங்க வேண்டும். பொய் எழுத மனமில்லை. உன் அப்பாவுக்குக் காது மந்தமான பிறகு நம் வீட்டில் எந்தப் போனும் ஸ்பீக்கரில்தான் ஓடும். அதை நீ மறந்ததால்தான் இவ்வளவு வினையும். வியாழக்கிழமை தோஹா வருகிற ஆன்ட்ரூஸ் மகன் அபினிடம், ஏத்தங்காய் சிப்ஸோடு இதைக் கொடுத்துவிடுகிறேன். சிப்ஸைத் தின்னுமுன் இதை வாசி.

ஜாக்கிக்குப் பதின்மூன்று வயது. நீ பாலிடெக்னிக் படிக்கும்போது களியக்காவிளையிலிருந்து சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்த குட்டி. இப்போது பின்னங்கால் மடங்காது, எழும்பவே பெரும்பாடு. அப்பாவுக்கும் மூட்டுவலி, அதற்கு நீ டப்பா டப்பாவாக அனுப்புகிற கல்ஃப் மாத்திரை. கல்ஃப் மாத்திரைக்குத் தீராத வலி உண்டா என்று தெருவே பங்கு வாங்கித் தின்கிறது. இந்த மனுஷன் தினமும் காலை ஜெபம் முடிந்ததும் ஒன்றை இரண்டாக உடைத்து, பாதியைத் தான் விழுங்கி, பாதியை மீன் துண்டுக்குள் வைத்து நாய்க்கும் கொடுத்திருக்கிறார். பத்து நாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் அறிவில்லை.

பதினோராம் நாள் ரத்தமாக வாந்தி எடுத்தது. மாட்டாஸ்பத்திரியில் டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் நிற்கவைத்து ஏசினாள். மனுஷருடைய வலி மாத்திரை நாயின் குடலைப் புண்ணாக்கும், கிட்னியைக் கெடுக்கும், வயதான நாய்க்குச் சொல்லவே வேண்டாம் என்றாள். ஐந்து நாள் டிரிப் போட்டால் பிழைக்க வழியுண்டு, மூட்டுக்கு நாய்க்கென்றே மருந்து இருக்கிறது, முதலிலேயே கொண்டுவந்திருக்கலாமே என்றும் கேட்டாள். அப்பா மேசைமேல் அதன் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அன்று சாயங்காலம்தான் உன் போன் வந்தது. நான் சொல்லி முடிக்கவில்லை, நீ சொன்னாய்: "வயசாச்சுல்லாம்மா. இனி அதுக்குப் போய் என்னத்துக்குப் பாடுபடணும்? முடிச்சுவிடச் சொல்லு." சொல்லிவிட்டு டூட்டிக்குப் போய்விட்டாய்.

மறுநாளிலிருந்து அப்பா பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் தொடுவதில்லை. கேட்டால், "அவன் சொன்னது சரிதான் லீலா. கெழடுகளுக்கு எதுக்கு மருந்து?" என்கிறார். ஆனால் நாயை மட்டும் தினமும் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போகிறார். நேற்று ஆட்டோவிலிருந்து இறங்கும்போது தலைசுற்றி, நாயோடு சேர்ந்து விழுந்தார். நெற்றியில் மூன்று தையல். தையல் போட்ட ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்த நர்ஸ் பதறிவிட்டாள். அதற்குப் பிறகும் மாத்திரை அப்படியே இருக்கிறது.

எனக்கு வருகிற கோபத்தில் வாயில் நல்ல வார்த்தை வரவில்லை. அவர்மேல் கோபம், என்மேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேலே உன்மேல். நாக்குக்கு எலும்பில்லை என்றால் எப்படியும் வளைக்கலாமா? நீ நாயைத்தான் சொன்னாய், எனக்குத் தெரியும். ஆனால் கேட்டது நாயில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கோயில் விட்டு வந்ததும் அவர் போனுக்குக் கூப்பிடு. மன்னிப்புக் கேட்காதே, அந்த மனுஷன் கூசிப்போவார். டிசம்பரில் வருகிறேன் என்று பொய்யும் சொல்லாதே. ஜாக்கி தின்றதா என்று கேள். அதற்கு மருந்து கொடுக்கும்போது நீங்களும் மாத்திரை போடுங்கள் அப்பா என்று சொல். நான் நான்கு நாளாகச் சொல்லி அலுத்துவிட்டேன். அவருக்கு அது உன் வாயிலிருந்து வரவேண்டும்.

கர்த்தர் உனக்கு நீண்ட ஆயுசு தரட்டும், மகனே. நீ கிழவனாகும்போது, உன்னையும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட ஒரு ஆளைத் தரட்டும்.

உன் அம்மா,
லீலாபாய்