வரையாத நாற்காலி

என்னங்க,

உங்கள் தம்பி வீட்டில் தூக்கம் வருகிறதா? நீங்கள் கோபித்துக்கொண்டு கிளம்பிய அன்று பேசியதைப் பற்றி எதுவும் எழுதப்போவதில்லை. ஆய்வைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் வரையும் படங்களையே முனைவர் பட்டத்துக்கு ஆய்வாகக் கொடுக்கிறேன் என்றபோது சிரித்தீர்களே, நேற்று நெறியாளர் மேடம் வீட்டுக்கே வந்து அவற்றைப் பார்த்தார். எல்லாம் நம் சாப்பாட்டு மேசைதான். எல்லாவற்றிலும் உங்கள் நாற்காலி இருக்கும் இடம் மட்டும் வெறும் கான்வாஸ்.

“இதை ஏன் விட்டுட்டீங்க?” என்றார்.

அந்த இடம் வந்தால் கை ஓடவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. “வேணும்னேதான் மேடம்” என்று அடித்துவிட்டேன்.

அவருக்கு ஒரே சந்தோஷம். “இதுதாங்க உங்க ஆய்வு முறை! இதே மாதிரி இன்னும் ரெண்டு படம் போடுங்க, போதும்.”

காலையிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. புதுப் படத்தில் மேசையைப் போட்டேன், டம்ளரைப் போட்டேன். பிறகு ஸ்கேலை எடுத்து உங்கள் இடத்தை அளந்து, பென்சிலால் கோடு கிழித்து ஒதுக்கினேன். இத்தனை நாள் அது தானாகக் காலியாகக் கிடந்தது. இன்றைக்கு நானே காலியாக்கினேன். அழித்து அழித்துப் பார்க்கிறேன், கோட்டின் தடம் போகமாட்டேன் என்கிறது.

நீங்கள் வந்து உட்கார்ந்துவிட்டால் நாற்காலியை வரைந்துவிடுவேன். அப்புறம் ஆய்வும் இல்லை, முறையும் இல்லை. மேடம் கத்துவார்.

கத்தட்டும். வாங்க.

படம் கிறுக்கும்
உங்கள் வீட்டுக்காரி